இலத்தீனோ பெண்களின் இனப்பெருக்க நல உரிமை இயக்கம்

இலத்தீனோ பெண்களின் இனப்பெருக்க நல உரிமை இயக்கம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வாழும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களும், அந்நாட்டில் குடியேறிய பெண்களும் இனப்பெருக்க நலச் சேவைகளைத் தடையின்றிப் பெறவும், தாம் விரும்பாத மருத்துவத் தலையீடுகளை மறுக்கவும் 1970களிலிருந்து நடத்திவரும் இயக்கத்தைக் குறிக்கும். மகப்பேற்றுக்கு முந்திய பராமரிப்பு, பாதுகாப்பான பேறு, கருத்தடை, கருக்கலைப்பு, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, பால்வினை நோய்களுக்கான சிகிச்சை ஆகியவை இங்கு இனப்பெருக்க நலச் சேவைகள் எனப்படுகின்றன.

இவ்வியக்கத்தின் வரலாற்றில் ஒரு முரண் தொடர்ந்து காணப்படுகிறது. ஒரே சமூகத்தைச் சேர்ந்த பெண்கள், ஒருபுறம் தாம் கேட்காத நிரந்தரக் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். மறுபுறம் தாம் கேட்ட கருத்தடை மாத்திரையும் எளிய பரிசோதனையும் கிடைக்காமல் தவித்தனர். எனவே, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையையும் "வேண்டும்" என்று பெறும் உரிமையையும் இவ்வியக்கம் பிரிக்க முடியாத ஒரே கோரிக்கையாக முன்வைக்கிறது.

சொற்பொருள்

இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஐக்கிய அமெரிக்காவில் இலத்தீனோ என்பர். பெண்பாற் சொல் இலத்தீனா. இது ஓர் இனத்தையோ ஒரு நாட்டையோ குறிக்கும் சொல் அன்று. மெக்சிக்கோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், குவாத்தமாலா எனப் பல நிலங்களை மூலமாகக் கொண்டோர் இதில் அடங்குவர். இவர்களுள் பலர் பல தலைமுறைகளாக அந்நாட்டுக் குடிமக்கள். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமை உடையவர்கள். வேறு சிலர் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள். இன்னும் சிலர் உரிய குடிவரவு ஆவணங்கள் இல்லாதவர்கள். ஒருவருக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி இந்தச் சட்ட நிலையைப் பொறுத்தே பெரிதும் மாறுபடுகிறது.

பின்னணி: புவேர்ட்டோ ரிக்கோ

புவேர்ட்டோ ரிக்கோவில் 1937 இல் இயற்றப்பட்ட 116 ஆம் இலக்கச் சட்டம் கருத்தடை அறுவையைச் சட்டபூர்வமாக்கியது. தீவின் வறுமைக்கு மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்ற கருத்து அக்காலத்தில் அதிகாரிகளிடையே வலுவாக இருந்தது. இச்சட்டம் 1960 இல் நீக்கப்பட்டது. 1965 இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 20 முதல் 49 வயது வரையுள்ள தாய்மாருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் எனக் கண்டது. மக்கள் பேச்சில் "அந்த அறுவை" என்ற பொருள்படும் "லா ஒப்பெராசியோன்" என்ற சொல்லே இதற்குப் போதுமானதாக இருந்தது. அப்பெயரிலேயே 1982 இல் அனா மரியா கார்சியா ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

இப்பெண்கள் அனைவரும் பலவந்தப்படுத்தப்பட்டவர்கள் என்று கொள்வது பொருந்தாது. பலர் தாமே முன்வந்து அறுவை செய்துகொண்டனர். ஆயினும் பிற கருத்தடை முறைகள் எளிதில் கிடைக்காத சூழலில், வறுமைக்கும் அடுத்தடுத்த பிள்ளைப்பேற்றுக்கும் இடையே செய்யப்பட்ட தெரிவை எந்த அளவுக்குச் சுதந்திரமான தெரிவு எனலாம் என்ற வினா எழுகிறது. பிற்கால இயக்கத்தின் அடிப்படை வினாவும் இதுவே.

கருத்தடை மாத்திரையின் முதற் பெரிய களச் சோதனையும் 1956 இல் சான் ஹுவானை அடுத்த ரியோ பியத்ராஸ் பகுதியில் தொடங்கியது. கிரெகரி பிங்கஸ், ஜான் ராக் ஆகியோர் இதனை வழிநடத்தினர். அப்போது பயன்படுத்தப்பட்ட ஈனோவிட் மாத்திரையிலிருந்த இயக்குநீரின் அளவு இன்றைய மாத்திரைகளில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். களப்பணியைக் கவனித்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, பெண்களில் 17 விழுக்காட்டினருக்குத் தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகள் ஏற்பட்டதாக அறிவித்தார். இருப்பினும் சோதனை தொடர்ந்தது. 1960 இல் அம்மாத்திரை கருத்தடைக்கென ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நியூயார்க் விதிமுறைகள்

இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் மருத்துவர் எலன் ரொட்ரீகஸ் திரியாஸ் (1929–2001). நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்த இவர், குழந்தை மருத்துவர். புவேர்ட்டோ ரிக்கோவில் மருத்துவம் பயின்று, 1970 இல் நியூயார்க்கின் தெற்குப் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள லிங்கன் மருத்துவமனையில் பணியேற்றார். கருத்தடை அறுவை முறைகேடுகளை ஒழிப்பதற்கான குழுவைப் பிறருடன் இணைந்து நிறுவினார்.

இக்குழுவும் பிற அமைப்புகளும் மேற்கொண்ட முயற்சியால் 1975 இல் நியூயார்க் மாநகர மருத்துவமனைகளுக்குப் புதிய விதிமுறைகள் வந்தன. ஒப்புதலுக்கும் அறுவைக்கும் இடையே 30 நாள் இடைவெளி வேண்டும். நோயாளியின் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும். பேறு வலியின்போது ஒப்புதல் பெறக்கூடாது என்பன அவற்றுள் முதன்மையானவை.

பெண்ணுரிமை அமைப்புகள் சில இவ்விதிமுறைகளை எதிர்த்தன. தானே விரும்பி அறுவை கேட்கும் பெண்ணை 30 நாள் காத்திருக்கச் செய்வது அவளது உரிமையைக் குறைப்பதாகும் என்பது அவற்றின் வாதம். மருத்துவர் மறுத்துவிடுவார் என அஞ்சிய வசதி படைத்த பெண்ணுக்கும், மருத்துவர் வற்புறுத்துவார் என அஞ்சிய ஏழைப் பெண்ணுக்கும் ஒரே விதி வெவ்வேறு பொருள் தந்தது. இவ்வேறுபாட்டை வெளிக்கொணர்ந்தது ரொட்ரீகஸ் திரியாசின் முக்கிய பங்களிப்பாகும். 1993 இல் அவர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் இலத்தீனா இவரே.

மாட்ரிகல் எதிர் குவிலிகன் வழக்கு

கலிபோர்னியாவில் இயக்கம் வழக்குமன்றத்தில் உருப்பெற்றது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், பிள்ளைப்பேற்றுக்காக வந்த மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் பலருக்குக் கருக்குழாய்க் கட்டு அறுவை செய்யப்பட்டது. அங்குப் பணிபுரிந்த இளம் மருத்துவரான பெர்னார்ட் ரோசன்பெல்ட் இதற்கான சான்றுகளைத் திரட்டி வெளியில் தெரிவித்தார்.

1975 இல் தொலோரெஸ் மாட்ரிகல் உள்ளிட்ட பத்துப் பெண்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவுத் தலைவரான குவிலிகன் முதல் பிரதிவாதி. பெண்களுக்காக அந்தோனியா எர்னாண்டஸ், சார்ல்ஸ் நபரெத்தே ஆகிய இளம் வழக்கறிஞர்கள் வாதாடினர். அப்போது குளோரியா மொலினாவின் தலைமையில் இயங்கிய மெக்சிக்கப் பெண்கள் தேசிய ஆணையமும் வழக்கில் இணைந்தது.

பெண்களின் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைந்திருந்தன. கடும் வலியில் இருந்தபோதோ, சிசேரியன் அறுவைக்குக் கொண்டுசெல்லப்படும் நேரத்திலோ அவர்களிடம் படிவம் நீட்டப்பட்டது. சிலருக்குப் படிவத்தின் மொழியான ஆங்கிலம் தெரியாது. சிலர் இவ்வறுவையைப் பின்னர் மாற்றியமைத்துக்கொள்ளலாம் என நம்பினர். தமக்கு இத்தகைய அறுவை நடந்ததையே நீண்ட நாள் கழித்து அறிந்தவர்களும் உண்டு.

நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ் 1978 ஜூன் 30 அன்று மருத்துவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். நடந்தது கருத்துப் பரிமாற்றத்தில் ஏற்பட்ட முறிவே. மருத்துவர்கள் நல்லெண்ணத்துடன் செயற்பட்டனர் என்பது தீர்ப்பின் சாரம். பெண்களின் தரப்பில் சாட்சியமளித்த மானிடவியலாளர் கார்லோஸ் வெலஸ்-இபான்யெஸ், அவர்களது கிராமப்புறப் பண்பாட்டில் தாய்மைக்கு உள்ள இடத்தை விளக்கி, ஏற்பட்ட இழப்பின் ஆழத்தை எடுத்துரைத்தார். நீதிபதி அச்சாட்சியத்தையே மறுதலையாகப் பயன்படுத்தினார். துயரத்தின் கடுமைக்கு அப்பெண்களின் தனித்த பண்பாட்டுப் பின்னணியே காரணம். அதனை மருத்துவர்கள் முன்கூட்டி அறிந்திருக்க வாய்ப்பில்லை என்றார்.

வழக்கு தோற்றாலும் அது எழுப்பிய விழிப்புணர்வு வீணாகவில்லை. 20,000 பேர் வரை உட்படுத்தப்பட்ட, 1909 முதல் நடைமுறையிலிருந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைக் கலிபோர்னியா 1979 இல் நீக்கியது. அச்சட்டம் மாநிலக் காப்பகங்களில் வைக்கப்பட்டிருந்தோருக்கு உரியது. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை நிகழ்வுகள் அதன்கீழ் வரவில்லை. 2015 இல் ரெனே தாஜிமா-பெனா இயக்கிய "நோ மாஸ் பெபேஸ்" என்ற ஆவணப்படம் இவ்வழக்கை மீண்டும் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. 2018 இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஆட்சிக் குழு அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரியது.

கூட்டாட்சி ஒப்புதல் விதிகள்

1978 இல் கூட்டாட்சி அரசு, தன் நிதியில் செய்யப்படும் கருத்தடை அறுவைகளுக்கான விதிகளை வெளியிட்டது. அவை வருமாறு:

- அறுவை செய்துகொள்பவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்.
- ஒப்புதலுக்கும் அறுவைக்கும் இடையே குறைந்தது 30 நாட்கள் கழிய வேண்டும். ஒப்புதல் 180 நாட்கள் வரை செல்லும். குறைமாதப் பேறு, அவசர வயிற்று அறுவை ஆகியவற்றில் 72 மணி நேரம் போதும்.
- பேறு வலியின்போதும் கருக்கலைப்பின்போதும் ஒப்புதல் பெறக்கூடாது.
- ஒப்புதல் அளிப்பவருக்கு மொழி புரியாவிடின் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும்.

இவ்விதிகள் இன்று வேறொரு விவாதத்துக்கு இடமளிக்கின்றன. பேறு முடிந்தவுடன் கருத்தடை அறுவையை விரும்பும் ஏழைப் பெண், 30 நாட்களுக்கு முன் படிவத்தில் கையெழுத்திடத் தவறினால் அவ்வாய்ப்பை இழக்கிறாள். தனியார் காப்பீடு உடையவருக்கு இத்தடை இல்லை. ஒரு காலத்தில் பாதுகாப்பாக அமைந்த விதி வேறொரு சூழலில் தடையாக மாறக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பணம் என்னும் தடை

மெடிக்கெயிட் என்பது வருமானம் குறைந்தோருக்காகக் கூட்டாட்சி அரசும் மாநிலங்களும் இணைந்து நடத்தும் மருத்துவ உதவித் திட்டமாகும். 1976 இல் நிறைவேறிய ஹைட் திருத்தம், கருக்கலைப்புக்கு இத்திட்டத்தின் கூட்டாட்சி நிதியைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. மனித உயிர் எனத் தாம் கருதும் ஒன்றை அழிக்க வரிப்பணம் செலவிடப்படக்கூடாது என்பது இதன் ஆதரவாளர்களின் நிலைப்பாடு. உரிமை இருந்தும் பணமின்மையால் அது பயனற்றுப்போகிறது என்பது எதிர்ப்பாளர்களின் நிலைப்பாடு. 1980 இல் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தை ஏற்றது.

டெக்சாஸ் மாநிலத்தின் மெக்காலன் நகரைச் சேர்ந்த ரோசி ஹிமெனெஸ் என்ற 27 வயதுக் கல்லூரி மாணவி, ஒரு பெண் குழந்தையின் தாய். பாதுகாப்பற்ற கருக்கலைப்பினால் ஏற்பட்ட நோய்த்தொற்றால் 1977 அக்டோபரில் இறந்தார். ஹைட் திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் இவ்வாறு இறந்தவராக அறியப்பட்ட முதற் பெண் இவர்.

குடிவரவு நிலை என்னும் தடை

1996 இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், அதன்பின் சட்டபூர்வமாகக் குடியேறியோருள் பெரும்பாலானோருக்கும் முதல் ஐந்தாண்டுகளுக்கு மெடிக்கெயிட் உதவியைத் தடுத்தது. ஆவணமற்றோருக்கு அவசரச் சிகிச்சை மட்டுமே அத்திட்டத்தில் உண்டு. பேறும் அவசரச் சிகிச்சையாகக் கருதப்படும். இதனால், பேற்றுக்கான செலவை அரசு ஏற்றபோதும், அதற்கு முந்திய ஒன்பது மாதப் பராமரிப்பையும் பிந்திய கருத்தடைத் தேவையையும் ஏற்காத நிலை பல மாநிலங்களில் தோன்றியது. 2002 இலும் 2009 இலும் வந்த மாற்றங்கள், கருவுற்ற குடியேறிகளுக்கு உதவ விரும்பும் மாநிலங்களுக்கு வழி திறந்தன. 2010 இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ஆவணமற்றோர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டும் அரசு அமைத்த காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்குவதைத் தடை செய்தது.

இந்நிலையில் 1970 இல் தொடங்கிய பத்தாம் தலைப்புக் குடும்பத் திட்ட நிதியில் இயங்கும் சிகிச்சை நிலையங்களும், சமூகச் சுகாதார மையங்களுமே பலருக்கு ஒரே புகலிடமாயின.

சட்டத்தைப் போலவே அச்சமும் ஒரு தடையாகும். அரச உதவி பெறுவோருக்கு நிரந்தர வதிவுரிமையை மறுக்க வகைசெய்யும் "பொதுச் சுமை" விதி 2019 இல் விரிவாக்கப்பட்டு, 2020 பெப்ரவரி முதல் 2021 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது. அவ்விதி தமக்குப் பொருந்தாதபோதும் பலர் உதவித் திட்டங்களிலிருந்து விலகினர். மருத்துவமனை போன்ற இடங்களில் குடிவரவுக் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கும் கொள்கை 2011 இல் வகுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் இத்தகைய பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு

மேற்கூறிய தடைகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த இடமாக டெக்சாசின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கைக் குறிப்பிடலாம். மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய இப்பகுதி மக்களில் மிகப் பெரும்பான்மையினர் இலத்தீனோக்கள். 2011 இல் டெக்சாஸ் சட்டமன்றம், குடும்பத் திட்டச் சேவைக்கான ஈராண்டு நிதியை 111 மில்லியன் டாலரிலிருந்து 38 மில்லியன் டாலராகக் குறைத்தது. மாநிலமெங்கும் சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன.

கருப்பை வாய்ப் புற்றுநோய் பாப் சோதனையால் முன்கூட்டியே கண்டறியத்தக்கது. பெரும்பாலும் தடுக்கத்தக்கதும் ஆகும். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இலத்தீனோ பெண்களிடையே இந்நோய் வெள்ளையினப் பெண்களிடையே உள்ளதைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அருகில் நிலையம் இல்லாமற் போவது இங்கு உயிரோடு தொடர்புடைய செய்தி.

இப்பகுதியின் புவியியல் மற்றொரு சிக்கலைத் தருகிறது. பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலைகளில் குடிவரவுச் சோதனைச் சாவடிகள் உள்ளன. பால்பூரியஸ் சாவடி அவற்றுள் ஒன்று. தெற்கே மெக்சிக்கோவுக்குச் சென்றால் ஆவணமற்ற பெண் திரும்பி வர இயலாது; வடக்கே சென்றால் சாவடியைக் கடக்க இயலாது. 2013 இல் டெக்சாஸ் கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் மெக்காலனில் இருந்த ஒரே கருக்கலைப்பு நிலையம் 2014 இல் சில மாதங்கள் மூடப்பட்டது. அடுத்த நிலையம் ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தொலைவில் சான் அந்தோனியோவில் இருந்தது. அக்கட்டுப்பாடுகளை 2016 இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்புக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு இல்லை என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், டெக்சாசில் கருக்கலைப்பு ஏறத்தாழ முற்றாகத் தடைப்பட்டது. பிற மாநிலத்துக்குப் பயணம் செய்யும் வழி, சாவடியைக் கடக்க இயலாதோருக்கு இல்லை.

தடுப்புக் காவலில் உள்ளோர்

2017 இல் டெக்சாசில் அரசுப் பொறுப்பிலுள்ள காப்பகத்தில் இருந்த, "ஜேன் டோ" என்று மட்டும் அறியப்பட்ட 17 வயதுக் குடியேறி, கருக்கலைப்புக்காக வெளியே செல்ல அனுமதி மறுக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாக முடிவெடுத்தது. கருக்கலைப்பு முடிந்துவிட்டதால் வழக்கு பொருளற்றதாயிற்று எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2018 இல் அம்முடிவை நீக்கியது.

2020 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் எர்வின் மாவட்டத் தடுப்பு மையத்தில், குடியேறிப் பெண்களுக்கு முறையான ஒப்புதலின்றி மகளிர் நோய் அறுவைகள் செய்யப்படுவதாக அங்குப் பணிபுரிந்த செவிலியர் டோன் ஊட்டன் முறைப்பாடு செய்தார். 2022 இல் வெளிவந்த செனட் துணைக் குழுவின் அறிக்கை, பெண்கள் மிகையானதும் பெரும்பாலும் தேவையற்றதுமான சிகிச்சைகளுக்கு உட்படுத்தப்பட்டதாகத் தெரிவித்தது. பெருந்தொகையான கருப்பை நீக்க அறுவைகள் நடந்தன என்ற குற்றச்சாட்டை அது உறுதிப்படுத்தவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வழக்கு எழுப்பிய ஒப்புதல் என்ற வினா ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னரும் தீரவில்லை என்பதை இது காட்டுகிறது.

அமைப்புகளும் செயன்முறைகளும்

1994 இல் தேசிய இலத்தீனா இனப்பெருக்க நல நிறுவனம் அமைக்கப்பட்டது. பின்னர் அது தன் பெயரிலிருந்த "நலம்" என்பதை "நீதி" என மாற்றிக்கொண்டது. இனப்பெருக்க நீதி என்ற கருத்து, அதே 1994 இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் குழுவொன்றால் உருவாக்கப்பட்டது. பிள்ளை பெறாதிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற பிள்ளைகளைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றையும் அது ஒருங்கே வலியுறுத்துகிறது.

களத்தில் மிகுந்த பயன் தந்த முறை "புரோமோத்தோரா" எனப்படும் சமூகச் சுகாதாரத் தொண்டர் முறையாகும். இத்தொண்டர்கள் அதே குடியிருப்பில் வாழும் பெண்கள். பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று, எசுப்பானிய மொழியில் பரிசோதனைகளைப் பற்றி விளக்குவர்; எந்த நிலையத்தில் ஆவணம் கேட்கமாட்டார்கள், எங்கு கட்டணம் குறைவு என்பவற்றையும் கூறுவர். அறிமுகமான அண்டை வீட்டார் கூறுவதால் மக்கள் நம்புகின்றனர். எல்லா ஊரிலும் எசுப்பானியம் போதுமானதும் அன்று. குவாத்தமாலா, தென்மெக்சிக்கோப் பகுதிகளிலிருந்து வந்த பலரின் தாய்மொழி மாயன் மொழிகளுள் ஒன்றாகவோ மிஸ்தெக் ஆகவோ இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடங்களில் தாயின் நோயை மருத்துவருக்குப் பிள்ளையே எடுத்துரைக்க நேரிடுகிறது. தாய் தன் அந்தரங்கக் குறையை மறைப்பாள்; பிள்ளைக்கு மருத்துவச் சொற்கள் தெரியாது. இதனால் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி அமர்த்துவது இயக்கத்தின் நிலையான கோரிக்கைகளுள் ஒன்றாக உள்ளது.

மாநில அளவில் இயக்கம் சில வெற்றிகளைப் பெற்றுள்ளது. கலிபோர்னியா 2024 ஜனவரியில், வருமானத் தகுதியுடைய எல்லா வயதினருக்கும் குடிவரவு நிலையைக் கருதாமல் தன் மெடிக்கெயிட் திட்டத்தைத் திறந்தது. ஆயினும் நிதிப் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டி, ஆவணமற்ற வயதுவந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதை 2026 ஜனவரி முதல் நிறுத்த 2025 இல் முடிவு செய்யப்பட்டது. கருவுற்றோருக்கும் சிறுவருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

கருத்து வேறுபாடுகள்

கருக்கலைப்பு பற்றி இலத்தீனோ சமூகத்தினுள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் பல சீர்திருத்தச் சபைகளும் அதனை எதிர்க்கின்றன. சமயப் பற்றுடைய பெண்கள் பலர் அதனைத் தனிப்பட்ட மனச்சான்றின் முடிவாகக் கருதுகின்றனர். குடியேறிகளின் மருத்துவச் செலவை வரி செலுத்துவோர் ஏற்க வேண்டுமா என்பதும் அரசியல் விவாதமாகத் தொடர்கிறது. எனினும், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம், வற்புறுத்தலற்ற ஒப்புதல், கருவுற்ற காலப் பராமரிப்பு, புற்றுநோய்ப் பரிசோதனை ஆகியவற்றில் இத்தகைய பிளவு குறைவு. இயக்கம் பரந்த ஆதரவைத் திரட்ட முடிந்ததும் இத்துறைகளிலேயே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- தகவலறிந்த ஒப்புதல்
- கருத்தடை
- கருப்பை வாய்ப் புற்றுநோய்
- புவேர்ட்டோ ரிக்கோ
- மெடிக்கெயிட்